மலேரியா வந்து போனவர் எப்போது ரத்தம் கொடுக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த ஊர் கரூர் பக்கம். ஓ நெகட்டிவ் ரத்தம் என்பதால் கல்லூரி நாளிலிருந்தே கூப்பிடும் போதெல்லாம் போய்க் கொடுத்திருக்கிறேன். இப்போது சத்தீஸ்கரில், தண்டேவாடா பக்கம் ஒரு சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. மே மாதம் அங்கே குளிர் காய்ச்சல் வந்து, வைவாக்ஸ் மலேரியா என்றார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. 14 நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை முழுதாக முடிக்கவில்லை. ஜூலையில் எங்கள் ஊர் ரத்ததான முகாமில் இதைச் சொன்னதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தனியார் லேபில் மலேரியா கார்டு டெஸ்டும் ஸ்மியரும் எடுத்தேன். இரண்டும் நெகட்டிவ். அதைக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. எடுக்கிற ரத்தத்தை எப்படியும் மலேரியாவுக்குச் சோதிக்கிறார்களே, பிறகு இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு? அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்காவையும், ஊருக்கு வந்து போனாள் என்பதற்காக அங்கே ரத்தம் கொடுக்க விடவில்லை. எங்கள் முகாம் நண்பர்களோ, வடமாநிலத் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுக்காமல் இருந்தாலே போதும் என்கிறார்கள். அடுத்த முறை காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமலே கொடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?
– பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

பதில்: ரத்தம் கொடுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். 14 நாள் மாத்திரையை முடிக்கவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான்.

வைவாக்ஸ் மலேரியாவுக்கு இங்கே இரண்டு மருந்து கொடுப்பார்கள். முதல் 3 நாள் குளோரோகுயின். அது ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும், காய்ச்சலும் நிற்கும். ஆனால் வைவாக்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு. கல்லீரல் செல்களுக்குள் போய்ச் சில ஒட்டுண்ணிகள் அசையாமல் தூங்கிக் கிடக்கும். சில வாரங்களிலோ, சில மாதங்களிலோ அவை விழித்து மறுபடி ரத்தத்துக்கு வரும். கொசு எதுவும் கடிக்காமலே இரண்டாவது முறை மலேரியா வரும். அந்தத் தூங்குகிறவர்களுக்கான மருந்துதான் பிரைமாகுயின், 14 நாள். காய்ச்சல் விட்ட பிறகு, உடம்பு நன்றாக இருக்கும் போது சாப்பிட வேண்டிய மருந்து என்பதால் பலர் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான்.

ஆகவே இந்த வாரமே அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். மீதி மாத்திரை பையில் இருந்தால் நீங்களாக எடுத்து விழுங்க வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதைப் பார்த்து, எங்கிருந்து எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லட்டும். சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் ஓடுங்கள்.

இப்போது முகாமுக்கு வருவோம். இந்தியாவில் தேசிய ரத்தமேற்றுக் குழுவின் வழிகாட்டுதல்படி, மலேரியா வந்தவர் முழுதாகக் குணமாகி 3 மாதம் ஆகும் வரை ரத்தம் கொடுக்கக் கூடாது. ‘முழுதாக’ என்ற சொல்லில்தான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். காய்ச்சல் மே மாதம் நின்றது, ஆனால் சிகிச்சை முடியவில்லை. மே மாதத்திலிருந்து எண்ணினாலே ஜூலையில் 3 மாதம் வராது. நான் அந்த முகாமில் உட்கார்ந்திருந்தால், பிரைமாகுயினை ஒழுங்காக முடித்த நாளிலிருந்துதான் எண்ணச் சொல்லியிருப்பேன். உங்களைத் திருப்பி அனுப்பியவர் சரியாகவே செய்தார்.

சரி, சோதனை செய்கிறார்களே என்ற உங்கள் கேள்வி நியாயமானது. நம் நாட்டில் சேகரிக்கும் ஒவ்வொரு ரத்தப் பையையும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று ஐந்துக்கும் சோதிப்பது சட்டப்படி கட்டாயம். மலேரியாவுக்குப் பெரும்பாலும் கார்டு டெஸ்ட், அல்லது கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர். இந்த இரண்டும் எதற்காக உருவானவை என்று பாருங்கள். காய்ச்சலோடு வந்து படுத்திருக்கும் நோயாளிக்கு மலேரியாவா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான். அந்த வேலையை இரண்டும் நன்றாகவே செய்கின்றன. ரத்ததானம் செய்ய வருகிறவரோ காய்ச்சல் இல்லாதவர், தெம்பாக நடந்து வருகிறவர். அவர் உடம்பில் ஒட்டுண்ணி இருந்தாலும் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கார்டில் விடுவது சுமார் 5 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு மைக்ரோலிட்டருக்கு 100, 200 ஒட்டுண்ணி இருந்தால்தான் கார்டில் நம்பகமாகக் கோடு விழும். கை தேர்ந்த டெக்னீஷியன் நுண்ணோக்கியில் இன்னும் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடுவார். ஆனால் அவர் பார்க்கும் ரத்தத்தின் அளவு ஒரு மைக்ரோலிட்டர் கூட இருக்காது. இப்போது உங்கள் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு ஒரே ஒரு ஒட்டுண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் இருக்காது. கார்டு நெகட்டிவ். ஸ்மியரும் அநேகமாக நெகட்டிவ். ஆனால் நீங்கள் கொடுக்கும் பை 350 மில்லி, அதாவது 3,50,000 மைக்ரோலிட்டர். அந்தப் பைக்குள் மூன்றரை லட்சம் ஒட்டுண்ணிகள் போகும். வாங்கிக்கொள்கிறவருக்கு நோய் வர அதில் மிகச் சிலவே போதும். அவை கல்லீரல் வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை, நேராகச் சிவப்பணுவிலேயே இறங்குகின்றன.

உங்கள் லேப் ரிப்போர்ட்டுக்கும் இதே கணக்குத்தான். சோதனை எடுத்த நாளில் உங்களுக்கு மலேரியாக் காய்ச்சல் இல்லை என்பதற்கு அது சான்று. கல்லீரலில் தூங்குவது ரத்தச் சோதனை எதிலும் தெரியாது. அது விழித்து ரத்தத்துக்கு வந்து, காய்ச்சலாக வெளிப்படுவதற்கு முன் சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். அன்று பார்த்து முகாம் வைத்தால் பை மாசுபட்டதுதான்.

அப்படியானால் இன்னும் நல்ல சோதனை கிடையாதா? உண்டு. எச்ஐவிக்குப் பெரிய ரத்த மையங்களில் செய்யும் ‘நாட்’ போல, ஒட்டுண்ணியின் மரபணுப் பொருளைத் தேடும் சோதனை மலேரியாவுக்கும் வந்துவிட்டது. வைரஸ் என்றால் பிளாஸ்மாவை எடுத்துச் சோதித்தால் போதும். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்கு உள்ளே இருப்பதால் முழு ரத்தத்தையே உடைத்துப் பார்க்க வேண்டும். ரத்தக் கொடையாளர்களுக்கான அப்படி ஒரு சோதனைக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை 2024 மார்ச்சில்தான் முதன்முதலாக ஒப்புதல் கொடுத்தது. பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகள் வேறு வழி பிடித்தன: மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவரைச் சில மாதம் காக்க வைத்து, அப்புறம் மலேரியாவை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வழி நமக்கு ஒத்து வராது. பல ஆண்டுகளுக்கு முன் வந்து போன மலேரியாவுக்கும் ஆன்டிபாடி காட்டும். ஒடிசாவிலோ, நீங்கள் வேலை பார்க்கும் பஸ்தர் பகுதியிலோ அதை வைத்துக் கழித்தால் ரத்தம் கொடுக்க ஆளே மிஞ்சாது.

ஆப்பிரிக்காவில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே பல ஊர்களில் கொடையாளர்களில் கணிசமான பேரின் ரத்தத்தில் நோயே இல்லாமல் ஒட்டுண்ணி இருக்கும். யாரைக் கழிப்பது? அதனால் கானாவில் குமாசி நகரில் வேறு மாதிரி முயன்றார்கள். எடுத்த ரத்தத்தில் ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2 கலந்து, புற ஊதா ஒளி பாய்ச்சி, பிறகு ஏற்றினார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், ஒட்டுண்ணி உள்ள ரத்தத்தை ஒளி பாய்ச்சாமல் அப்படியே பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கும், ஒளி பாய்ச்சிய பிறகு பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கும் மலேரியா தொற்றியது. ஆய்வு சிறியது, கருவியும் செலவும் பெரியவை. இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. பிரேசிலில் 1950களில், ரத்தம் வழியாகப் பரவும் சாகஸ் என்ற நோயின் ஒட்டுண்ணியைக் கொல்ல ரத்தப் பைக்குள் ஜென்ஷியன் வயலட்டைக் கலந்தார்கள். ஆமாம், வாய்ப்புண்ணுக்குத் தடவுவார்களே, அதே ஊதா மருந்துதான். ஒட்டுண்ணி செத்தது, ரத்தம் ஊதாவானது, ஏற்றிக்கொண்ட நோயாளியின் தோலிலும் அந்தச் சாயல் ஏறியது. எங்கள் துறையில் எதையெல்லாம் செய்து பார்த்திருக்கிறோம் என்பதற்காகச் சொன்னேன்.

நம் ஊர் முகாமில் இவை எதுவும் கைக்கு எட்டாது. கார்டு இருக்கிறது, கேள்வி இருக்கிறது. கார்டால் பிடிக்க முடியாததை அந்த மேசையில் கேட்கும் கேள்விதான் பிடிக்கிறது. நீங்கள் பொய் சொன்னால் அந்த இடத்தில் இரண்டாவது காவல் எதுவும் இல்லை.

குளிர்பெட்டியில் வைத்தால் ஒட்டுண்ணி செத்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். மேகநோய்க் கிருமி குளிரில் சில நாட்களில் செத்துவிடும். மலேரியா ஒட்டுண்ணி அப்படியில்லை. 2 முதல் 6 டிகிரியில் வைத்த சிவப்பணுப் பையில் ஒரு வாரத்துக்கு மேலும், சில சமயம் இரண்டு வாரம் தாண்டியும் உயிரோடு இருந்து தொற்றியிருக்கிறது. தட்டணுப் பையிலும் ஆபத்து உண்டு, அதில் கொஞ்சம் சிவப்பணு கலந்துதான் இருக்கும். ரத்தம் வழியாக மலேரியா பரவியது 1911இலேயே பதிவாகியிருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம்தான்.

ஓ நெகட்டிவ் யாருக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பிரசவத்தில் ரத்தம் கொட்டும் பெண், பிறந்த குழந்தை, விபத்தில் வந்தவர். அவர்களுக்கு ஏற்றிய பிறகு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், மலேரியா இல்லாத ஊரில் யாருக்கும் அந்த நினைப்பே வராது. தையல் சீழ் பிடித்ததா, சிறுநீரில் கிருமியா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கீமோ எடுக்கும் நோயாளி என்றால் இன்னும் மோசம். அவருக்குக் காய்ச்சல் வருவதே வழக்கம் என்று ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டே போவார்கள். நல்ல வேளை, ரத்தம் வழியாக வந்த வைவாக்ஸ் கல்லீரலில் போய்ப் படுத்துக்கொள்வதில்லை. கண்டுபிடித்துவிட்டால் குளோரோகுயினோடு தீரும். கண்டுபிடிப்பதுதான் பிரச்சினை. ஃபால்சிபாரம் வகை என்றால் தாமதம் உயிரைக் குடித்துவிடும்.

3 மாதம் என்பது இயற்கை வகுத்த எல்லை ஒன்றும் இல்லை. பாதுகாப்புக்கும் தேவைக்கும் நடுவில் போட்ட ஒரு சமரசம். மலேரியா வந்தவரை அமெரிக்காவில் 3 ஆண்டு காக்க வைக்கிறார்கள். மலேரியே என்ற இன்னொரு வகை பல பத்தாண்டுகள் கூட ரத்தத்தில் சத்தமில்லாமல் இருக்கும், அதை 3 ஆண்டும் தடுக்காது. நம் நாட்டில் 3 ஆண்டு என்று வைத்தால் ரத்தம் கிடைக்காமல் சாகிறவர்கள், மலேரியா தொற்றிச் சாகிறவர்களைவிட அதிகமாக இருப்பார்கள். அதனால் 3 மாதம். அந்தக் குறைந்தபட்சத்தையும் உடைக்கக் கூடாது என்பது என் கட்சி.

உங்கள் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கணக்கில் இந்தியாவின் பெரும்பகுதி மலேரியாப் பகுதி. கரூரில் இன்று மலேரியா அபூர்வம் என்றாலும் அவர்கள் மாவட்ட வாரியாகப் பிரிப்பதில்லை. வெறும் சுற்றுலாப் பயணி என்றால் திரும்பி வந்து 3 மாதம். 2020க்கு முன் அது ஓர் ஆண்டாக இருந்தது. ஆனால் உங்கள் அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மலேரியா உள்ள நாட்டில் 5 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவருக்கு, அங்கே குடியேறிய பின் 3 ஆண்டு காத்திருப்பு. தொடர்ந்து 3 ஆண்டு அங்கேயே இருந்துவிட்டு ஊருக்கு வந்து போனால் 3 மாதம் போதும். அதற்குள் வந்து போனால் 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து. நோய் உள்ள இடத்தில் வளர்ந்தவர் உடம்புக்கு ஓரளவு எதிர்ப்பு பழகியிருக்கும், காய்ச்சல் இல்லாமலே ஒட்டுண்ணியைச் சுமப்பார் என்பதுதான் காரணம். கரூர்ப் பெண்ணுக்கு இது கொஞ்சம் அதிகப்படி என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவமானப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரருக்கும் அங்கே ஒரு ஒட்டுண்ணிச் சோதனை உண்டு. மான் உண்ணி கடித்துப் பரவும் பபேசியா, மலேரியா போலவே சிவப்பணுவில் வாழ்வது. ரத்தம் வழியாக அது பரவி ஆட்கள் செத்திருக்கிறார்கள். 2019இலிருந்து நியூ ஜெர்சி உட்பட 14 மாநிலங்களிலும் வாஷிங்டன் நகரிலும் ரத்தத்தை அதற்கும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் முகாம் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அறிவியலாகவே தவறு. நீண்ட காலமாகத் தமிழ்நாட்டு மலேரியாவின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னையிலிருந்து. மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் ஸ்டீபன்சி என்ற கொசு நகரத்துக்குப் பழகியது. வட சென்னையில் போன மாதம் குளிர் காய்ச்சலில் படுத்த தமிழரை வரவேற்று, இரண்டு ஆண்டாகத் திருப்பூரை விட்டு நகராத பீகார்க்காரரைத் திருப்பி அனுப்பினால் எந்தப் பையும் சுத்தமாகாது. பீகாரில் சில மாவட்டங்களிலிருந்து வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: காலா அசார் வந்ததுண்டா? மணல் ஈ கடித்துப் பரவும் அந்த நோய் வந்திருந்தால் நிரந்தரமாகவே ரத்தம் கொடுக்கக் கூடாது. எங்கே பிறந்தார் என்பதைவிட, சமீபத்தில் எங்கே தங்கினார், என்ன காய்ச்சல் வந்தது என்பதுதான் முக்கியம். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள், ஒடிசாக்காரருக்குப் புரியும் மொழியில் கேட்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் நடத்தும் நண்பர்கள் உங்களுக்கு இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடுவதில்லை. தலைவர் பிறந்தநாள், நினைவு நாள் முகாம்களில் படிவத்தை யார் நிரப்புகிறார்கள்? வரிசை நீண்டுவிடும் என்று தொண்டர் ஒருவர் உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று மேலிருந்து கீழ்வரை டிக் அடித்துக் கொடுத்துவிடுகிறார். கொடையாளர் கையெழுத்து மட்டும் போடுகிறார். இத்தனை யூனிட் என்று பேனரில் போட வேண்டும் என்ற அவசரம். நம் முகாம்களின் பெரிய ஓட்டை அதுதான் என்பேன். கேட்கிற விதமும் மாற வேண்டும். “மலேரியா உண்டா?” என்றால் யாரும் “உண்டு” என்பதில்லை. “கடைசி மூணு மாசத்துல காய்ச்சல் வந்து ரத்தம் குத்திப் பார்த்தாங்களா? வெளியூர்ல தங்கினீங்களா? மாத்திரை எத்தனை நாள் கொடுத்தாங்க?” என்று கேட்டுப் பாருங்கள், கதை வெளியே வரும். பக்கத்தில் நண்பர் கூட்டம் நிற்காத இடத்தில் கேளுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் ஜூஸும் பிஸ்கட்டும் கொடுங்கள், எப்போது மறுபடி வரலாம் என்ற தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வெறும் “வேண்டாம்” என்று அனுப்பினால் அவர் அடுத்த முறை வரவே மாட்டார், அல்லது நீங்கள் யோசித்ததைப் போலப் பொய் சொல்லிக்கொண்டு வருவார்.

உறவினருக்காக ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் இந்த அழுத்தம் இன்னும் அதிகம். அண்ணன் ஆபரேஷன் மேசையில் இருக்கும் போது “எனக்குப் போன மாதம் காய்ச்சல்” என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனாலேயே தானாக முன்வந்து தொடர்ந்து கொடுக்கும் உங்களைப் போன்றவர்களை நாங்கள் நம்பியிருக்கிறோம்.

கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தாலும் ரத்த மையத்துக்குப் போன் செய்யலாம், செய்ய வேண்டும். பை இன்னும் குளிர்பெட்டியில் இருந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். ஏற்றியாகிவிட்டது என்றால் அந்த நோயாளியின் மருத்துவருக்குச் சொல்வோம். ஒரு போன் காலில் அவருக்கு எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் ஓ நெகட்டிவ் அவசரம் என்று போன் வரத்தான் செய்யும். எடுத்ததும் முதல் வார்த்தையாக, மலேரியா சிகிச்சை எப்போது முடிந்தது என்பதைச் சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த வேறு ஓ நெகட்டிவ் நண்பரை, அவர் சம்மதத்தோடு, இணைத்துவிடுங்கள். மருந்தை முடித்து 3 மாதம் கழித்து, இடையில் காய்ச்சல் எதுவும் இல்லை என்றால் தாராளமாக வாருங்கள். அப்போதும் தண்டேவாடாவில் வேலை பார்ப்பதைச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் நாட்களில் அந்த ஊர் மாவட்ட மருத்துவமனையிலும் கொடுக்கலாம். பஸ்தர் பழங்குடிக் குழந்தைகளில் சிக்கிள் செல் என்ற பரம்பரைச் சிவப்பணு நோய் உள்ளவர்கள் பலர், அவர்களுக்கு அடிக்கடி ரத்தம் தேவைப்படும். அந்தக் குழந்தைகளுக்கு மலேரியா தொற்றினால் மிகவும் ஆபத்து, ஆகவே அங்கேயும் இதே 3 மாதக் கணக்குத்தான். இரவில் கொசுவலை கட்டிக்கொண்டு படுங்கள். மறுபடி ஒரு மலேரியா வந்தால் எண்ணிக்கை திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.